துடிக்கும் டியூப் லைட்

“ஷட்டர் வேகத்தை இன்னும் ஏத்துங்க. டியூப் லைட் துடிக்கிற மாதிரி வரணும்” என்றாள் மனைவி.

கணவன் கேமராவைத் திருகினான். நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கு, கேமராத் திரையில் மட்டும் துடித்தது.

“ஒயிட் பேலன்ஸ்?”

“பச்சைக்குத் தள்ளிட்டேன். சுவரெல்லாம் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு.”

“ஐ.எஸ்.ஓ.வையும் ஏத்துங்க. புள்ளி புள்ளியா வரட்டும்.”

“கல்யாணத்துல இப்படி எடுத்தா மாப்பிள்ளையே அடிக்க வருவான்டி. பேசாம ஆட்டோ மோடுல போடவா?”

“ஐயோ, வேண்டாம்! ஆட்டோன்னா அழகா விழுந்து தொலைக்கும்.”

கைபேசி மறுபடியும் அலறியது. வீட்டுக்காரர்.

“என்ன தம்பி, வீட்டை விக்கணும், ஒரு வீடியோ எடுத்துக் குடுன்னு காலையிலயே சொன்னேனே?”

“எடுத்துட்டே இருக்கேன் சார்.”

போனை வைத்ததும் மனைவி பெருமூச்சு விட்டாள். “வித்துட்டா நம்மள காலி பண்ணச் சொல்லுவார். பொண்ணோட ஸ்கூலுக்கு எதிர்லயே, இந்த வாடகைக்கு வேற வீடு எங்க கிடைக்கும்? இருட்டாவே எடுங்க.”

வீடியோ போனது. இருவரும் வாசலில் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்தார். கூடவே ஒரு தாடிக்காரர்.

“கையைக் குடு தம்பி! வீடியோவைப் பார்த்ததுமே வாங்கிக்கறேன்னுட்டார். சார் பேய்ப் படமா எடுக்கறவர்.”

தாடிக்காரர் கூடத்தை ஆசையாகப் பார்த்தார். “காலி பண்ணும்போது, துடிக்குமே ஒரு டியூப் லைட், அதை மட்டும் கழட்டாம விட்டுட்டுப் போங்க.”

மனைவி கணவனை முறைத்தாள். டியூப் லைட் ஆடாமல் அசையாமல் எரிந்தது.