வெளியூர் ஆக்கள் இல்லை

பாக்கியலெட்சுமிக்குப் பூச்சியம் போடுவதென்று அருந்ததி முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமைகளில் அருந்ததியும் சேர்த்து விரிவுரையாளர்கள் நாலு பேர் கூடி, மாணவர்களை ஆய்வுக்குப் பழக்குவது எப்படி என்று ஒருவரிடமிருந்து ஒருவர் படித்துக்கொண்டிருந்த காலம் அது. வினாக்கொத்தையும் கூடித்தான் எழுதினார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றியது. வீட்டில் எத்தனை பேர், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் யார் என்று பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும்.

பாக்கியலெட்சுமி போன ஒழுங்கையில் ஒரு வீட்டில்கூட வெளியூர் ஆள் இல்லையாம். சண்டைக்குப் பயந்து பாதி யாழ்ப்பாணம் வெள்ளவத்தைக்கு வந்து கிடக்கிற நேரம். கேட்கிறவன் கேனையன் என்றால்தான் நம்புவான்.

"வீட்டில குந்தியிருந்து நிரப்பியிருக்கிறாள். அது நான் இருக்கிற ஒழுங்கை. எனக்குத் தெரியாதே?" என்றாள் அருந்ததி.

இவளைப் பெயில் பண்ணினால்தான் மற்றதுகளுக்கும் புத்தி வரும் என்றார் சக விரிவுரையாளர் சிவபாதசுந்தரம். பெயிலானால் அவள் படிப்பை விட்டுவிட்டு மலைநாட்டில் அட்டனுக்குத் திரும்பவேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். நால்வரில் நிலாம் மட்டும், பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்போமே என்று இழுத்தார். பொய்க்காரியிடம் என்ன கேள்வி என்று அருந்ததி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஊரிலிருந்து வந்து, பெயர் கொடுத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பொலிசில் பதியாமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிற தம்பி சிவபாலனிடம், சோறு போடும்போது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

சிவபாலன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அக்கா, ஏசாதேங்கோ. போன கிழமை நீங்கள் இல்லாத நேரம் கதவைத் திறந்திட்டன்."

அருந்ததி ஓடிப்போய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். யார் வந்தது என்று கேட்டாள்.

"ஒரு கம்பஸ் பிள்ளை. வெளியூர் ஆக்கள் இருக்கினமோ எண்டு கேட்டா. பயத்தில வாய் உளறி, பதியாத கதை எல்லாம் சொல்லிப்போட்டன். உடன பேனையை மூடிப்போட்டா."

அவள் சொன்னதை, அந்த மலைநாட்டுப் பேச்சு மாறாமல் அப்படியே சொன்னான்:

"'எங்க மிஸ் யோசிக்காம இதைக் கேக்கச் சொல்லிட்டாங்க அண்ணே. இந்தப் பேப்பர் யாரு கையிலயாவது மாட்டுனா ஒங்களப் புடிச்சிட்டுப் போயிருவாங்க. இந்தத் தெருவுல யாருமே இல்லைன்னு எழுதிக்கிறேன். மார்க்கு போனாப் போகுது.'"