தினம் ஒன்று

டாக்டர் பிரஷர் பட்டையை அவிழ்த்தபோதும் அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

“நூத்தி எழுபத்தெட்டு. இதுல சிரிப்பு வேறயா? ரெண்டு மாசம் முன்னால வரைக்கும் என் மாத்திரைல ஒழுங்கா இருந்த பிரஷர்மா. வீட்ல யாராவது படுத்தறாங்களா?”

“யாரு, இவரா? வாயில்லாப் பூச்சி! இவருக்கே ஒன்பது வருஷமா பிரஷர், டாக்டர்.”

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளி வேன் ஓட்டுபவன். உண்மையில் அவனுக்குப் பிரஷரே கிடையாது. அவன் விழுங்குவது மனச்சோர்வுக்கான மாத்திரை.

பிரஷர் என்றால் ஆளாளுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். மனசு என்றால் வேன் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் மாத்திரைகளை ஒரு பழைய டப்பாவில் கொட்டி, மேலே ‘பிரஷர்’ என்று தானே எழுதி ஒட்டியிருந்தான்.

இப்போதெல்லாம் அந்த டப்பா பாதி மாதத்திலேயே காலியாகிவிடுகிறது. மனசு மரத்துப்போன கால் மாதிரி கிடந்ததில், ஏன் என்று யோசிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மறுபடி வாங்கி நிரப்பினான், அவ்வளவுதான்.

“மனசு சோர்ந்திருந்தாலும் பிரஷர் ஏறலாம்மா. ரெண்டுக்கும் உடம்புக்குள்ளயே ஏதோ தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. அழுகை கிழுகை வருதா?”

“இப்ப இல்ல, டாக்டர்.”

“நான் குடுத்தது தவிர வேற மாத்திரை ஏதாவது?”

“இவரோட பிரஷர் மாத்திரைதான், தினம் ஒண்ணு. இவருக்கு நல்லா கேக்குதே, எனக்கும் கேக்கட்டும்னு ரெண்டு மாசமா சேத்துப் போட்டுக்கறேன்.”

கணவன் நிமிர்ந்தான். சொன்னால் வேலை போய்விடும், சொல்லாவிட்டால் இவளே போய்விடுவாள். பயம் என்ற ஒன்று வெகு நாளைக்குப் பிறகு அவனுக்கு உறைத்தது.

“அது பிரஷர் மாத்திரை இல்ல, டாக்டர். எனக்கு மனச்சோர்வு. அதுக்குக் குடுத்தது.” மாத்திரையின் பெயரையும் சொன்னான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப அதுதான் ஏத்தி விட்டிருக்கு. சில பேருக்கு அது பிரஷரை ஏத்திடும். கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திடலாம்மா. உங்களுக்குத் தேவையே இல்லாத மாத்திரை.”

அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே மெல்லக் கேட்டாள்:

“குளிக்கும்போது அழறது அதைப் போட்ட பிறகுதானே டாக்டர் நின்னுச்சு?”