பூசணியின் எடை

தெருவிலிருந்து மீட்டு வந்த நாய்களில், பூசணியோடு வந்தவற்றுக்கெல்லாம் தடுப்பூசி, கருத்தடை முடிந்து வீடு கிடைத்துவிட்டது. பூசணி மட்டும் காப்பகத்திலேயே கிடந்தது.

“இவ்வளவு கொழுப்போட மயக்க ஊசி போட முடியாது. மூணு கிலோ குறையட்டும்,” என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நர்ஸும் அளந்துதான் சாப்பாடு வைத்தாள். ஆனாலும் வாராவாரம் எடை ஏறிக்கொண்டே போனது.

“சார், பூசணியைக் கேட்ட டீச்சர் நாளைக்கு மறுபடியும் வர்றாங்க. இந்தத் தடவையும் இல்லேன்னா வேற நாயைப் பாத்துக்குவாங்க.”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது?” என்றார் டாக்டர்.

யாரோ திருட்டுத்தனமாகத் தீனி போடுகிறார்கள். நர்ஸுக்கு வாட்ச்மேன் மேல்தான் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்க, மதியம் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“மெதுவாத் தின்னுடா கண்ணு.”

எட்டிப் பார்த்தாள். டாக்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்களா சார்?”

டாக்டர் திருதிருவென்று விழித்தார். “எடை குறைஞ்சா இவன் போயிடுவானேம்மா.”

“அப்ப நீங்களே கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?”

“வீட்ல நாய்ன்னு சொன்னாலே அவளுக்கு ஆகாது.”

நர்ஸ் அங்கேயே அவர் மனைவிக்குப் போன் போட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

“தெரியும்மா,” என்றது மறுமுனை. “ரெண்டு மாசமாத் தூக்கத்துல பூசணி பூசணின்னு பொலம்புறார். நான் அவனுக்கு மெத்தைகூட வாங்கி வெச்சுட்டேன். மனுஷன் வாயைத் திறந்து கேட்டாத்தானே?”

டாக்டர் மெல்ல பிஸ்கட் டப்பாவை மூடினார்.

“போதும்டா. நாளைலேருந்து ரெண்டு பேரும் வாக்கிங் போறோம்.”