ஒரு கரண்டி சீனி

ரெம்பியா சாலையோரக் கடையில் காலை வெயில் மேசைமேல் சாய்ந்து விழுகிறது. குணவதிக்கும் தவமணிக்கும் நடுவே இரண்டு குவளைகளில் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர், ஆவி விடுகிறது. இருவருக்கும் இனிப்பு நீர் நோய். பொங்கலன்று சேர்ந்தே சீனியை விட்டார்கள். மூன்றாம் வாரமே குணவதி வீட்டில் ஒளித்துப் போட்டுக் குடிக்கத் தொடங்கிவிட்டாள். தவமணி ஐந்து மாதமாக அசையவில்லை. மெலிந்த அவள் கையில் வளையல்கள் முழங்கைவரை ஓடி இறங்குகின்றன. "கிளினிக்குல ரத்தத்துல சீனி கொறஞ்சிருக்குன்னு மிஸ்ஸி எல்லார் முன்னாலயும் கையத் தட்டுனாங்க லா, அக்கா!" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு குணவதியின் வயிற்றில் மிளகாயாய் எரிகிறது. தவமணி கை கழுவ எழுந்து போகிறாள். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்கிறது. குணவதியின் கை சீனி டின்னுக்குள் போகிறது. ஒரு கரண்டி அள்ளித் தவமணியின் குவளையில் போட்டு, சத்தம் வராமல் கலக்குகிறாள். தவமணி வந்து ஒரு வாய் குடித்து, நிறுத்துகிறாள். அவள் பார்வை ஈரக் கரண்டிமேல் கொஞ்ச நேரம் நிற்கிறது. குவளையைக் குணவதி பக்கம் மெல்ல நகர்த்துகிறாள்.

"கிளாஸ் மாறிப் போச்சுக்கா. இது ஒங்களோடது."

"எனக்கும் கோசோங்தானே..."

"நீங்க வீட்டுல சீனி போட்டுக் குடிக்கிறது தைப்பூசத்துலேர்ந்தே தெரியும்கா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவள் மற்றக் குவளையை எடுத்து நிதானமாகக் குடிக்கிறாள். குணவதியும் தன்முன் இருப்பதை உதட்டில் வைக்கிறாள். அளவாகத்தான் இனிக்கிறது. விழுங்கத்தான் முடியவில்லை.