மை, மைன், மைசெல்ஃப்

தொங்கான் படகிலிருந்து அரிசி மூட்டையை இறக்கும்போதும் வேலாயுதத்தின் வாய் ஓயவில்லை. "மை புக். திஸ் புக் இஸ் மைன். ஐ வாஷ் மைசெல்ஃப்."

"வேலை விட்டதும் வகுப்பு, விடிஞ்சா பாராயணமாண்ணே?" என்று சீண்டினான் கூடச் சுமக்கும் காதர். "ஆஸ்பத்திரி வேலை கிடைச்சா எங்களை மறந்துடாதீங்கலா!"

"இன்டர்வியூல இங்கிலீஷ் பேசினாத்தான் வேலை. என் முதுகு இனிமே தாங்காதுடா."

இன்டர்வியூவுக்குக் காதரும் துணைக்கு வந்தான். வேலாயுதத்தின் மனைவி செல்லாயி, கைக்குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நெக்ஸ்ட்!"

"எந்திரிங்கண்ணே!" என்றான் காதர்.

வேலாயுதம் எழவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டார். செல்லாயி உள்ளே போனாள்.

காதர் வாயைப் பிளந்தான். "அப்போ நீங்க படிச்சது?"

"அந்த வகுப்புல பொம்பளைங்களைச் சேர்க்கலடா. நான் கேட்டுட்டு வந்து வீட்டுல சொல்லிக்கொடுத்தேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் செல்லாயி. "தனியா வார்டைப் பார்த்துக்குவியான்னு கேட்டாங்க. ஐ கேன் டூ இட் மைசெல்ஃப்னு சொன்னேங்க. திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க!"

வேலாயுதம் குழந்தையை உயரத் தூக்கிச் சிரித்தார். காதர் அவர் தோளைத் தொட்டான்.

"அண்ணே, நாளைக்கு வகுப்புல எனக்கும் ஒரு இடம் பிடிங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா."