பர்னாந்து பலகையின் முதல் ஓட்டம்

அன்று மணப்பாடு கடற்கரையில் இருந்தவர்கள் நான்கே பேர்: லியோன் பர்னாந்து ஆகிய நான், காற்றடைத்த மோட்டார் அலைச்சறுக்குப் பலகையை வடிவமைத்த என் மகள் ஜெனோவா, அவள் கணவன் கிளாட்வின், என் தம்பி தொபியாஸ். எங்கள் குடும்பப் பெயரில் விற்பனைக்கு வரும் பலகையை அலைக்கு அப்பால் முதலில் ஓட்டிச் செல்பவன் நானாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

முதல் அலைக்கு முன், எங்கள் வழக்கப்படி, பலகையில் நின்றபடியே குனிந்து கடலைத் தொட்டுச் சிலுவை போட்டேன். உடனே பலகை, "ஓட்டுபவர் மயங்கிவிட்டார்" என்று கரைக்கே கேட்கும்படி அறிவித்தது. என்னைக் கொண்டுவந்து மணலில் தள்ளி, தன் காற்றைத் தானே பிடுங்கிக்கொண்டது.

கிளாட்வின் மறுபடி காற்றடித்தான். மறுபடியும் அதே கூத்து.

"எப்பா, குனியாதீங்க. குனிஞ்சா மயங்கிட்டீங்கன்னு நினைச்சுக்கும். நின்னுக்கிட்டே மனசுல கும்பிடுங்க," என்றாள் ஜெனோவா.

"கடலைத் தொடாம கடலுக்குள்ள போனவன் நம்ம குடும்பத்துல உண்டா? இந்தப் பலகையைச் செய்யும்போது உனக்கு அது ஞாபகம் வரலையா?"

"இந்தப் பாதுகாப்பை எடுத்தா விக்கவே விடமாட்டாங்கப்பா."

"அண்ணே, மதினிகூட உன்னை இப்படித் தாங்குனதில்ல," என்றான் தொபியாஸ்.

மூன்றாம் முறையும் மணலில் விழுந்தேன். பலகையை அங்கேயே விட்டு, கடலைத் தொட்டுச் சிலுவை போட்டு, நீந்தியே அலையைக் கடந்தேன். திரும்பி வந்து, பலகையிலிருந்து எங்கள் பெயரை எடுக்கச் சொன்னேன். ஜெனோவா அழுதாள். ஆனால் எடுத்துவிட்டாள்.

லியோன் அலையைக் கண்டு பயந்து திரும்பினார், அதனால்தான் பெயர் போயிற்று என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். பயந்தது பலகை.