பவளக்கொடி

ஆகாயத்தில் பறக்கும் நாயகனுக்கு ஆற்றைக் கண்டால் மட்டும் உடம்பு நடுங்கும். “அதுக்கு ஒரு காரணம் வேணும்” என்றார் இயக்குநர். கதை எழுதிய செம்பியன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. சிறுவயதில் வெள்ளத்தில் தங்கை பவளக்கொடியின் கையை நாயகன் விட்டுவிட்டான் என்று ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தான். படம் வெளியானதும் அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப்போனான். அந்தக் காட்சி வந்தபோது, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் அம்மா கேட்டாள்: “அவ பேரு உனக்கு யாருடா சொன்னா?”

“யாரும் சொல்லலம்மா. நானா வெச்ச பேரு.”

“பச்சைப் பாவாடைகூட அதேதான்.” அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. “தங்கச்சி இல்ல, உனக்கு அக்கா. கையை விட்டது அவன் இல்லடா, நான். இன்னொரு கையில நீ இருந்தே.”